ஆங்கிலத் தேர்வில் காதுக்கு இடம் உண்டா?

மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆங்கில மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத நாளே கிடையாது. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் டியூஷன் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்கூட, "இங்கிலீஷ்தான் சார் முக்கியம், அது வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்பார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. இக்கட்டுரையில் நான் விமர்சிக்க எடுத்துக்கொள்வது பிள்ளைகளையும் அல்ல, ஆசிரியர்களையும் அல்ல, கேள்வித்தாளை. கதையை விமர்சிக்கிறோம், கவிதையை விமர்சிக்கிறோம், சினிமாவை விமர்சிக்காத ஆளே இல்லை. இவற்றையெல்லாம்விட அதிகக் கவலையோடு வரி வரியாகப் படிக்கப்படுகிற ஒரு எழுத்து பரீட்சைக் கேள்வித்தாள்தான். அதை மட்டும் ஏனோ யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. பரீட்சை முடிந்த மறுவாரம் அது பழைய பேப்பர்க்காரரிடம் போய்விடுகிறது.

பல ஆண்டுகள் இந்த ஊரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவனும்கூட. ஒரு மொழியைக் கற்பதில் கேட்டல், பேசல், படித்தல், எழுதல் என்று நான்கு திறன்கள் சொல்வார்கள். பேசலும் எழுதலும் வெளியே தெரிகிற காரியங்கள். தவறாகப் பேசினால் காதில் விழும், தவறாக எழுதினால் கண்ணில் படும். கேட்டலும் படித்தலும் அப்படியல்ல. அவை மண்டைக்குள்ளே நடப்பவை. ஒரு பையன் ஆங்கிலத்தில் ஒன்றைக் கேட்டுத் தலையாட்டினால், புரிந்து ஆட்டினானா, மரியாதைக்கு ஆட்டினானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த இரண்டையும் சோதிக்கும் கலைதான் இங்கே நம் விஷயம்.

இந்த விஷயத்தில் மைசூருக்கு ஒரு தனி உரிமை உண்டு. மானசகங்கோத்ரி பக்கம் காலை நடை போகிற அன்பர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். 1963-ல் தொடங்கிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் அங்கேதான். தென்மாநிலங்களுக்கான ஆசிரியர்களை உருவாக்குகிற இடம். 1965-ல் வந்த அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அங்கேதான். 1969 ஜூலை 17 அன்று தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அங்கேதான். கடைசியாகச் சொன்னதற்கு நம்மவர்கள் கூடுதலாகவே நன்றி சொல்ல வேண்டும். செம்மொழித் தமிழுக்கான உயராய்வு மையம் 2006-ல் அந்த வளாகத்தில்தான் முளைத்தது, 2008-ல்தான் சென்னைக்குப் போனது. அதன் தென்மண்டல மொழி மையத்தில் வடநாட்டு ஆசிரியர்கள் வந்து தங்கிப் பத்து மாதத்தில் தமிழோ கன்னடமோ மலையாளமோ தெலுங்கோ கற்றுக்கொண்டு போகிறார்கள். காதுக்கு ஒரு நிறுவனம், மொழிக்கு ஒரு நிறுவனம், ஆசிரியருக்கு ஒரு நிறுவனம். மூன்றும் கூப்பிடு தூரம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. நடந்து போகிற தூரம்தான். இவ்வளவு இருந்தும் இந்த ஊர்ப் பிள்ளை எழுதுகிற எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலப் பொதுத்தேர்வில் காதுக்கு ஒரு நிமிஷ வேலைகூடக் கிடையாது.

பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்துக்கு யாரையாவது அழைத்துப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். முதலில் காதில் கருவியை மாட்டி 'பீப்' சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். அத்துடன் விடமாட்டார்கள். பிறகு சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சத்தம் கேட்பது வேறு, பேச்சு பிடிபடுவது வேறு என்பது அவர்களுக்குப் பால பாடம். அந்தச் சொற்பட்டியலும் நோயாளியின் சொந்த மொழியில் இருக்க வேண்டும். தெரியாத மொழியில் சொல்லைச் சொல்லி, திருப்பிச் சொல்லவில்லை என்பதற்காகக் காது மந்தம் என்று எழுதிவிட முடியாதல்லவா? எதைச் சோதிக்கிறோமோ அதை மட்டும் சோதிக்க வேண்டும், வேறெதுவும் நடுவில் புகுந்து கலக்கக் கூடாது. பி.எட். படித்தவர்கள் இதை 'ஏற்புடைமை' என்று மனப்பாடம் செய்து எழுதியிருப்போம். காது மருத்துவத்தில் கடைப்பிடிக்கிற இந்த நேர்மையை மொழித் தேர்வில் ஏன் கைவிடுகிறோம்?

எஸ்.எஸ்.எல்.சி. மொத்தம் 625 மதிப்பெண் என்பது கர்நாடகத்தில் குழந்தைக்கும் தெரியும். முதல் மொழிக்கு 125, மற்ற ஐந்து பாடங்களுக்கு நூறு நூறு. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எடுத்த பிள்ளைக்கு 80 எழுத்துத் தேர்வு, 20 பள்ளியிலேயே போடும் மதிப்பெண். அந்த எண்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாடப்புத்தகத்துப் பாடங்களிலிருந்து கேள்வி, பாடப்புத்தகத்து வரியைக் கொடுத்து 'யார் யாரிடம் சொன்னது' வகைக் கேள்வி, இலக்கணம், கடிதம், கட்டுரை. பாட்டை மனப்பாடமாக எழுதச் சொல்லும் கேள்வியும் பல ஆண்டுகளாக உண்டு. பிள்ளை அதுவரை பார்த்தே இராத ஒரு பத்தியைக் கொடுத்து 'படித்துப் புரிந்துகொள்' என்பதற்கு ஒதுக்கியிருப்பது சொற்ப மதிப்பெண்தான். வருஷம் முழுவதும் பத்துத் தடவை விளக்கி, கேள்விபதில் நோட்டில் எழுதவைத்த பாடத்திலிருந்து கேட்கிற கேள்வி படித்தல் திறனைச் சோதிக்குமா? ஞாபகத்தைச் சோதிக்கும். ஞாபகமும் நல்ல குணம்தான், அதற்கு மதிப்பெண் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு ஆங்கிலம் என்று பெயர் வைப்பதில்தான் ஆட்சேபம்.

சரி, தெரியாத பத்தியாவது ஒழுங்காகச் சோதிக்கிறதா? வகுப்பில் நான் செய்து காட்டுகிற ஒரு வேடிக்கையை இங்கே சொல்கிறேன். கீழே உள்ள வரிகளைப் படியுங்கள். அர்த்தம் தேட வேண்டாம், கிடைக்காது.

'குல்லான் நேற்று மொட்டியங்கரையில் மூன்று துரிப்புகளைச் சடுமையாகப் பிணைத்தான். அதைக் கண்ட கிலாத்தி மிகவும் நுளுங்கினாள்.'

இப்போது கேள்விகள். குல்லான் எத்தனை துரிப்புகளைப் பிணைத்தான்? எங்கே பிணைத்தான்? எப்படிப் பிணைத்தான்? நுளுங்கியது யார்? நான்கு கேள்விக்கும் நீங்கள் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டீர்கள். துரிப்பு என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அதற்குப் பக்கத்தில் உள்ளதை எடுத்து எழுது. இந்தத் தந்திரம் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் அரைகுறையாக இருந்தாலும் போதும். மதிப்பெண் வரும், வாசிப்பு வராது. டியூஷன் மாஸ்டர்கள் இதை வெளிப்படையாகவே சொல்லித் தருகிறார்கள், "முதல்ல கேள்வியப் படி, அப்புறம் பத்தியப் பாரு" என்று. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வி அப்படி இருந்தால் வித்தையும் அப்படித்தான் இருக்கும்.

உண்மையாகப் படித்தால்தான் விடை வரும் என்கிற மாதிரிக் கேள்வி கேட்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஒரு கடை வாசலில் ஆங்கிலத்தில் அறிவிப்பு எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'செவ்வாய்க்கிழமை விடுமுறை. தசரா பத்து நாளும் விடுமுறை கிடையாது. ஊர்வலத்தன்று பகல் 1 மணி வரை மட்டும்.' கேள்வி: ஒரு வருஷம் ஜம்பூ சவாரி செவ்வாய்க்கிழமையில் வருகிறது, அன்று காலை 10 மணிக்குப் போனால் கடை திறந்திருக்குமா? விடை அறிவிப்பில் எந்த வரியிலும் இல்லை. மூன்று வரியையும் சேர்த்து யோசித்தால்தான் 'திறந்திருக்கும்' என்று வரும். சின்ன அறிவிப்பு, கடினமான ஆங்கிலமே தேவையில்லை, ஆனால் காப்பியடித்து எழுத வழியில்லை. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள் கடினமான பத்தியைத் தேடி ராத்திரி கண்விழிக்கிறார்கள். பத்தியில் சிரமம் வைத்து என்ன பயன்? கேள்வியில் அல்லவா யோசனை இருக்க வேண்டும்?

போகிற போக்கில் ஒன்று. யாதவகிரியில் வீடு கட்டி வாழ்ந்த நம் ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர். ஒரு வருஷம் வீட்டிலிருந்து கண்டதையும் படித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மகாராஜா கல்லூரி, 1930-ல் பட்டம். ஆங்கிலத்தில் மால்குடியைப் படைக்கப்போகிற ஆளைத் தேர்வுத்தாளால் அடையாளம் காண முடியவில்லை. ஒரே ஒருவரின் உதாரணத்தை வைத்துத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் 'பாடமில்லாத' வருஷத்தில்தான் அவர் உண்மையாகப் படித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனிக் காதுக்கு வருவோம். நம்மிடம் அறவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளில் ஆங்கிலத்துக்குரிய உள்மதிப்பீட்டில் கேட்டல் தேர்வு நெடுநாளாக உண்டு. சுமார் 300 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை ஆசிரியர் இரண்டு தடவை வாசிப்பார். முதல் தடவை நிமிஷத்துக்கு ஏறக்குறைய 110 சொல் வேகத்தில், இரண்டாம் தடவை இன்னும் மெதுவாக. பிள்ளைகள் குறிப்பு எடுத்துக்கொண்டு விடை எழுத வேண்டும். சி.பி.எஸ்.இ.யும் 2010-களின் முற்பாதியில் பேசல், கேட்டல் தேர்வைப் பெரிய அளவில் கொண்டுவந்து, பிறகு சுருக்கி, இப்போது பள்ளி உள்மதிப்பெண்ணுக்குள் வைத்திருக்கிறது. முயற்சி பாராட்டத்தக்கது. குறை என்னவென்றால், ஆசிரியர் வாசிக்கிற அந்தப் பத்தி எழுத்துநடை. அதைக் கேட்பது, இன்னொருவர் வாய் வழியாகப் படிப்பதே தவிரப் பேச்சைக் கேட்பதாகாது. நிஜத்தில் யார் நிமிஷத்துக்கு 110 சொல் என்று எண்ணிப் பேசுகிறார்கள்? பேச்சில் தயக்கம் உண்டு, பாதியில் விட்ட வாக்கியம் உண்டு, 'இல்லையில்லை, வியாழன் இல்லை, வெள்ளி' என்று திருத்திக்கொள்வது உண்டு. அந்தத் திருத்தத்தைப் பிடிக்கிற காதுதான் கேட்கத் தெரிந்த காது. இன்னொன்று, உள்மதிப்பெண் என்றாலே எல்லாருக்கும் இருபதுக்குப் பத்தொன்பது என்பது எழுதாத சட்டமாக இருக்கிறது. எல்லாரும் வாங்குகிற மதிப்பெண் யாரையும் பிரித்துக் காட்டாது.

இதற்கு நேர்மாறாகச் சீனாவைப் பாருங்கள். அங்கே பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக 'காவ்காவ்' என்று ஒரு பெருந்தேர்வு. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் நின்றுபோய் 1977-ல் மீண்டும் வந்தது. 2024-ல் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சத்துக்கு மேல். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். நாட்டளவிலான தாளில் 30 மதிப்பெண் கேட்டலுக்கு, இருபது கேள்விகள். முதல் ஐந்து குட்டி உரையாடல்கள், ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். பிறகு நீளமான உரையாடல்கள், அவை இரண்டு தடவை. படித்தலுக்கு ஐம்பது. பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்திகூட வராது, எல்லாம் புதுசு. ஒரு பத்தியில் ஐந்து வாக்கியங்களைப் பிடுங்கிவிட்டு, ஏழு வாக்கியம் கொடுத்து எது எங்கே பொருந்தும் என்று கேட்கிற ஒரு பகுதி உண்டு. குல்லான் தந்திரம் அதனிடம் செல்லாது. தேர்வு நடக்கும் பள்ளிகளைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலையை நிறுத்திவைப்பார்கள். தென்கொரியாவில் இன்னும் ஒருபடி மேல். அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தின் 45 கேள்விகளில் 17 கேட்டல். அந்த 35 நிமிஷமும் நாடு முழுவதும் விமானம் ஏறவும் இறங்கவும் தடை. ஒரு பதினெட்டு வயசுப் பிள்ளையின் காதுக்காக விமானத்தை வானத்தில் சுற்றவிடுகிறார்கள்! நம் ஊரில் தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் மைக்செட்டை நிறுத்தச் சொன்னாலே சண்டைக்கு வருவார்கள்.

சீனாவைப் புகழ்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1980-களின் தொடக்கம் வரை அங்கேயும் ஆங்கிலத் தேர்வு என்றால் இலக்கண விதி, சொற்பொருள், அவ்வளவுதான். குவாங்தோங் மாநிலத்தில் குய் ஷிச்சுன், லி சியாவ்ஜு முதலிய அறிஞர்கள் 1985-ல் புதுமாதிரித் தேர்வைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். மொழியைப் பற்றிக் கேட்காமல் மொழியைப் பயன்படுத்தச் சொல்லும் தேர்வு. சில ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பரவியது. கேட்டல் பகுதி பிற்பாடு சேர்ந்தது. தேர்வு மாறியதும் வகுப்பறையும் மாறத் தொடங்கியது, பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்கத் தொடங்கினார்கள் என்று லி சியாவ்ஜு 1990-ல் எழுதினார். தேர்வு பின்னோக்கிப் போய் வகுப்பறையைத் தாக்குவதை ஆங்கிலத்தில் 'வாஷ்பேக்' என்பார்கள். பின்தாக்கம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 2005 வாக்கில் சீ லூஷியா என்ற ஆய்வாளர் அதே தேர்வை ஆராய்ந்து, எதிர்பார்த்த பின்தாக்கம் வரவில்லை என்று காட்டினார். மொழியைப் பயன்படுத்தக் கற்பிப்பார்கள் என்று தேர்வாளர்கள் நினைத்தார்கள். ஆசிரியர்களோ கடைசி வருஷம் முழுவதும் பழைய கேள்வித்தாளை அரைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டல் தேர்வு வைத்தால் கேட்டல் பயிற்சி வரும் என்பது பாதி உண்மைதான். கேட்டல் தேர்வுக்கான பயிற்சி வரும் என்பதே சரி.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கை. அங்கே 1988-ல் சாதாரண தரப் பரீட்சைக்குப் புதிய ஆங்கிலத் தேர்வும், அதற்கு முன்னோட்டமாகப் புதிய பாடநூலும் வந்தன. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே ஆங்கிலப் பாடநூலைப் படித்தார்கள். டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் என்ற இருவர் வகுப்பறைகளை நேரில் கவனித்து 1993-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. பாடநூலில் கேட்டலும் இருந்தது, பேசலும் இருந்தது. தேர்வுத்தாளில் படித்தலும் எழுதலும் மட்டும். கேட்க வேண்டுமா, எதற்கு முக்கியத்துவம் போனது என்று? அதைவிட அவர்களின் இன்னொரு முடிவுதான் என்னை யோசிக்க வைத்தது. தேர்வு, ஆசிரியர் எதைச் சொல்லித் தருகிறார் என்பதை மாற்றியது. எப்படிச் சொல்லித் தருகிறார் என்பதை மாற்றவில்லை. பத்தி புதிது, கற்பித்தல் பழசு. ஏனென்றால் ஒரு கேள்வித்தாள் ஆசிரியருக்குப் பயிற்சி தராது. இந்த ஒரு வரியை நம் கல்வித் துறைகள் சட்டம்போட்டு மாட்டலாம்.

இனி நம் வீட்டு வாசலுக்கே வருகிறேன். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் பாடமாகப் படிப்பது இங்கே பக்கத்தில் நடந்த ஒரு சோதனை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளில் நடத்தியது. பணக்காரப் பள்ளிகளில் அல்ல என்பதைக் கவனியுங்கள். இலக்கணமே சொல்லித் தராமல், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், வகுப்பு நேர அட்டவணை மாதிரி விஷயங்களை வைத்து ஆங்கிலத்தில் கணக்குப் போடுகிற மாதிரிப் புதிர்கள். பிள்ளை பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆசிரியர் பேசுவதைக் கேட்டுப் புரிந்து விடை கண்டுபிடித்தால் போதும். அதாவது, காதையும் கண்ணையும் முதலில் வளர்த்துவிட்டால் வாயும் கையும் பிறகு தானாக வரும் என்ற எண்ணம்.

இதை மதிப்பிட எடின்பரோவிலிருந்து ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் வந்தார்கள். 1985-ல் வெளியான அவர்களின் கட்டுரையில் எனக்குப் பிடித்தது முடிவு அல்ல, தேர்வு வைத்த முறை. பழைய முறை வகுப்புக்குச் சாதகமான இலக்கணத் தேர்வு ஒன்று, புதிய முறைக்குச் சாதகமான புதிர்த் தேர்வு ஒன்று, நடுநிலையாக மூன்று. அந்த மூன்றில் ஒன்று சொல்வதெழுதல், ஒன்று கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல். எதிர்பார்த்தபடியே அவரவர் தேர்வில் அவரவர் முந்தினார்கள். நடுநிலைத் தேர்வுகளில் திட்ட வகுப்புப் பிள்ளைகளின் கை ஓங்கியிருந்தாலும் எல்லாப் பள்ளியிலும் ஒரே சீராக இல்லை. ஆக, 'இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியுமா' என்ற கேள்விக்கு, 'எந்தத் தேர்வை வைத்து?' என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துக்கு முன் நம் காவிரிக்கரைப் பிராந்தியத்துப் பிள்ளைகளை வைத்து உலகம் கற்றுக்கொண்டதை நாம் கற்றுக்கொள்ளவில்லை. பிரபுவின் புத்தகம் 1987-ல் வந்தது. இங்கே ஆங்கிலம் கற்பிக்கிற எத்தனை பேர் கையில் அது இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை, சங்கடமாக இருக்கும்.

இதெல்லாம் வெளிமாநிலத் தமிழர்களுக்கு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளின் நிலை கொஞ்சம் விசித்திரமானது. ஊரிலிருந்து பாட்டி போனில் பேசினால் ஒரு சொல் விடாமல் புரிகிறது. அதே பாட்டி அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைப் படிக்கத் தெரியாது. தமிழில் காது முழுசாக இருக்கிறது, கண் இல்லை. ஆங்கிலத்தில் தலைகீழ். ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார்: "சார், பையன் இங்கிலீஷ்ல தொண்ணூறுக்கு மேல வாங்கறான். ஆனா போன்ல யாராவது இங்கிலீஷ்ல கடகடன்னு பேசினா, 'அப்பா நீங்க பேசுங்க'ன்னு என் கையில குடுத்துடறான்." அந்தத் தகப்பனார் ஒன்பதாவது வரை படித்தவர், மண்டி மொகல்லாவில் கடை. வாடிக்கையாளர் பேசிப் பேசி வந்த ஆங்கிலம் அவருடையது. காதால் வந்தது. தேர்வு வைத்தால் மகன் பாஸ், அப்பா பெயில். போன் வந்தால் மாறிவிடுகிறது! கன்னடத்தில் பிள்ளைகளுக்குக் காதும் வாயும் தெருவிலேயே வந்துவிடுகிறது. எழுத்தைப் பள்ளி கொடுக்கிறது. ஆக மூன்று மொழி, மூன்று விதமான அரைகுறை. மதிப்பெண் பட்டியலில் மட்டும் மூன்றும் ஒரே மாதிரி எண்ணாகத் தெரிகிறது.

இதன் விலை பின்னால்தான் தெரியவருகிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு 'ஐ.ஈ.எல்.டி.எஸ்.' எழுதப் போகிற பிள்ளைக்கு அங்கே முதல் அதிர்ச்சி கேட்டல்தான். 40 கேள்வி, சுமார் அரைமணி, ஒலிப்பதிவு ஒரே தடவை. பன்னிரண்டு வருஷம் ஆங்கில மீடியத்தில் படித்துவிட்டு, காதைப் பழக்க மூன்று வாரக் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறோம். பள்ளி இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டியது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டிலேயே காதில் விழுகிறது. என்.ஆர். மொகல்லாவில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் பள்ளியில் மட்டுமே விழ முடியும். தேர்வில் இல்லை என்பதால் பள்ளியிலும் விழுவதில்லை. கேட்டல் தேர்வு வைத்தால் ஏழைப் பிள்ளை பின்தங்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தில் அக்கறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைக்காததால் இப்போது அந்தப் பிள்ளை முன்னேறிவிட்டதா? பின்தங்கியது பட்டியலில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேறு ஆட்சேபங்களும் உண்டு. ஆயிரக்கணக்கான மையங்களில் ஒலிபெருக்கி, மின்சாரம், ஒரே நேரம், இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பயந்தால் முதலில் மாவட்டத்துக்குச் சில பள்ளிகளில் வைத்துப் பார்க்கலாம். மதிப்பெண்ணில் சேர்க்காமலே வைக்கலாம். காது மந்தமான பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு கட்டாயம் வேண்டும். அதற்கு யோசனை சொல்ல மானசகங்கோத்ரியில் ஆள் இருக்கிறார்கள் என்று மேலேயே சொன்னேன். யாருடைய உச்சரிப்பு என்பதுதான் சிக்கலானது. பி.பி.சி. குரலைப் போட்டால் பிள்ளை மிரளும். நம் பிள்ளைக்கு வாழ்க்கையில் கேட்கப்போவது வங்கி மேனேஜரின் ஆங்கிலம், மலையாள நர்ஸின் ஆங்கிலம், ஹிந்திக்கார மேலதிகாரியின் ஆங்கிலம், மைசூர் ரயில் நிலைய அறிவிப்பு ஆங்கிலம். இந்தக் குரல்கள் எல்லாம் தேர்வில் வரட்டும். அமெரிக்கக் குரலும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

வாரியம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூடுகிற இடத்திலேயே இதை நடத்திப் பார்க்கலாம். செல்போனில் பதிவு செய்த ஒரு நிமிஷப் பேச்சு, எழுதிவைத்து வாசிக்காதது. டாக்டர் மருந்து சாப்பிடும் முறையைச் சொல்வது, வழி சொல்வது, காவேரி எக்ஸ்பிரஸ் நடைமேடை மாறிய அறிவிப்பு மாதிரி. கேள்வியை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமல் யாரும் எதையும் கேட்பதில்லை. முதல் தடவை ஒலித்ததும் ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரித் தமிழ்ப் பதிவும் ஒன்று வைக்கலாம், பிறகு தமிழில் அச்சடித்த நாலு வரியும் கொடுத்துப் பார்க்கலாம்; எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது சாத்தியிருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரிந்துவிடும். ஆங்கிலப் பதிவுக்கான விடையை ஆங்கிலத்திலேயே எழுது என்று மட்டும் தயவுசெய்து கட்டாயப்படுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைத்து மறுபடி பழைய இடத்துக்கே வந்துசேருவோம். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று புரிந்திருந்தால், விடை 'சாப்பாட்டுக்கு முன்னாடி' என்று தமிழில் இருந்தாலும் 'ஊட்டக்கே முஞ்சே' என்று கன்னடத்தில் இருந்தாலும் முழு மதிப்பெண்.